முதல் அறுவடை மண்

மாடித்தோட்டம் போட வேண்டும் என்று நினைப்பவர் இன்று முதலில் போய் நிற்கும் இடம் கடை. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், உயிர் உரப் பொட்டலம், வேப்பெண்ணெய், விதை உறை, பூவாளி, நிழல்வலை என்று வாங்கி முடிக்கும்போது சில ஆயிரம் ரூபாய் போயிருக்கும். முதல் இரண்டு மாதம் கீரையும் வெண்டையும் நன்றாகவே வரும். அதன்பின் இலை வெளுக்கும், தக்காளி பிஞ்சோடு நின்றுவிடும், பையில் நிரப்பிய கலவை பாதியாக இறங்கிவிடும். மறுபடி கடைக்குப் போய் உரம் வாங்குகிறவர்கள் சிலர். பைகளைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, நமக்குக் கைராசி இல்லை என்று விலகிக்கொள்கிறவர்கள் பலர். கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செடிக்குத் தேவையான எல்லாவற்றையும் வாங்கியவர்கள், உயிருள்ள மண்ணை மட்டும் வாங்கவில்லை. அது கடையில் கிடைப்பதும் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் முதலில் விளைவிக்க வேண்டியது மண். அதற்கான மூலப்பொருள் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் தினமும் குப்பைக்கூடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வரிசை மாறினால் செலவும் குறையும், தோட்டமும் நிலைக்கும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

நார்க்கழிவைப் பற்றி முதலில் பேசிவிட வேண்டும், ஏனென்றால் இன்றைய மாடித்தோட்டம் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மட்டையை அடித்து நாரை எடுத்தபின் மிஞ்சும் தூள் அது. எடை குறைவு, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், வேர் எளிதாக ஓடும். குறை எங்கே என்றால், அதில் சத்து கிட்டத்தட்ட இல்லை. மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம் இருக்கிறது. முறையாக மக்க வைத்தால் இது 24 பங்கு அளவுக்கு இறங்குகிறது. மக்காததை அப்படியே பையில் நிரப்பினால், அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இலை வெளுப்பதன் காரணம் இதுதான். கூட வாங்கிப் போட்ட ஒரு கிலோ மண்புழு உரம் அந்தப் பற்றாக்குறையைச் சில வாரங்களுக்கு மறைக்கும், அவ்வளவே. அலசாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்து வடிக்காமல் பயன்படுத்தினால் நாற்று நுனி கருகும். நார்க்கழிவு கெட்ட பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. கலவையில் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டியதை முழுக் கலவையாக்கியதுதான் பிழை.

சத்துள்ள பங்கு எங்கே போகிறது என்று பார்த்தால் விஷயம் வீட்டை விட்டு ஊருக்கு விரிகிறது. சென்னையில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது: காய்கறித் தோல், கீரைக் காம்பு, வாழையிலை, மிச்சச் சோறு, பூ, சருகு. வீட்டிலேயே ஈரக் குப்பையைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. பிரிக்காமல் போனது கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளில் மலையாகக் குவிந்தது. காற்றில்லாமல் அமுங்கிக் கிடக்கும் ஈரக் குப்பை மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து சுற்றுப்புறம் நாள்கணக்கில் புகையில் மூழ்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான். அந்தக் கிடங்கு அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. நம் அடுப்படியிலிருந்து போன சத்துதான் அங்கே விஷப் புகையாகிறது. இந்தப் பக்கம் நாம் பணம் கொடுத்து உர மூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதைவிடப் பெரிய வீண்செலவு ஒரு குடும்பக் கணக்கில் இருக்க முடியாது.

மண் செய்வதற்கு வேண்டியவை பெயிண்ட் வாளி இரண்டு, பழுக்கக் காய்ச்சிய ஒரு கம்பி, கொஞ்சம் சருகு. இருபது லிட்டர் வாளியின் அடியிலும் பக்கவாட்டிலும் விரற்கடை இடைவெளியில் துளை போட வேண்டும். அடியில் தேங்காய் மட்டையோ ஓட்டாஞ்சில்லோ ஒரு அடுக்கு. அதன்மேல் காய்ந்த இலை. அன்றாடம் சேரும் காய்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கன அளவு சருகால் மூட வேண்டும். பாதி மக்கிய பழைய உரமோ புளித்த மோரோ ஒரு கை தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஒரு வாளி நிறைந்ததும் அதை மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். நம் வெயிலுக்கு இரண்டிலிருந்து மூன்று மாதத்தில் முதல் வாளி, மழை பெய்த மண்ணின் வாசனையோடு கறுப்பாக உதிரும். நாற்றம் எடுக்கும், புழு வரும் என்பது எல்லோரும் சொல்லும் தடை. நாற்றம் எடுத்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள், இன்னும் சருகு போட்டால் தீரும். சமைத்த எண்ணெய்ப் பண்டம், மீன் முள், இறைச்சி ஆகியவற்றை இந்தச் சின்ன வாளியில் போடாமல் இருப்பதே நல்லது. புழுக்களில் பல, குப்பையை மக்கவைக்க வந்தவை. அருவருப்பு இருந்தால் ஒரு அடுக்கு காய்ந்த மண் போட்டு மூடிவிடலாம். கவனிக்க வேண்டிய இன்னொன்று சருகு. தெருவோர மரங்களின் இலையைக் கூட்டி எரிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்தக் குவியல் தோட்டக்காரருக்குக் கிடைக்கும் இலவச மூலதனம். ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தால் இரண்டு மாதம் வரும்.

இதில் எவ்வளவு மண் கிடைக்கும்? நான்கு பேர் வீட்டில் பச்சைக் காய்கறிக் கழிவு மட்டும் நாளுக்கு அரைக் கிலோ என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 கிலோ. மக்கும்போது நீரும் கரியமில வாயுவும் போய் நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலும் 45 கிலோ உரம். இருபது லிட்டர் வாளிக்கு நாலு நாலரைக் கிலோ என்று கலந்தால் பத்து வாளிக்குக் காணும். சருகின் பங்கைச் சேர்த்தால் இன்னும் கூடும். அடுத்த ஆண்டு இன்னொரு பத்து. அதாவது குடும்பத்தின் குப்பை எந்த வேகத்தில் மண்ணாகிறதோ அந்த வேகத்தில்தான் தோட்டம் வளர வேண்டும். முதல் மாதமே முப்பது பை வைக்கிறவர் தன் வீட்டால் ஊட்ட முடியாத தோட்டத்தை வைக்கிறார். அந்தப் பசியைத் தீர்க்கத்தான் கடை தேவைப்படுகிறது. சிக்கனம் என்பதை விலை குறைந்த பொருளைத் தேடி வாங்குவது என்று புரிந்துகொண்டால் இந்த இடம் பிடிபடாது. வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓட்டத்தின் அளவுக்குத் தோட்டத்தை வைத்துக்கொள்வதே சிக்கனம்.

மாடியின் தாங்குதிறன் பற்றிய பயம் நியாயமானது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியக் கட்டுமான விதி. ஒரு சதுர மீட்டரில் ஓரடி உயரத்துக்கு ஈர மண்ணை நிரப்பினால் அது 500 கிலோவைத் தொடும். ஆகவே மாடியில் பாத்தி கட்டி மண் கொட்டுவது தவறு. அதே இடத்தில் செம்மண், மக்கிய உரம், அலசிய நார்க்கழிவு மூன்றும் சம பங்காகக் கலந்த வாளிகளை, நனைந்த நிலையில் ஒன்று இருபது கிலோ என்று வைத்து, நடக்க இடம் விட்டு நாலைந்து அடுக்கினால் நூறு கிலோவைத் தாண்டாது. பெரிய வாளிகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகவும், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்திலும் வைப்பது இன்னும் பாதுகாப்பு. பழைய வீடு, ஏற்கெனவே ஒழுகும் தளம் என்றால் பொறியாளரிடம் காட்டாமல் இறங்கக் கூடாது. ஒவ்வொரு வாளியும் இரண்டு செங்கல்லின் மேல் நின்றால் அடியில் ஈரம் தேங்காது, தட்டோடும் கெடாது.

வாளிக்குப் பதிலாக எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. மீன் கடையிலிருந்து வரும் தெர்மகோல் பெட்டி ஆழம் குறைந்தது, எடையற்றது, கீரைக்குப் பொருத்தம். அரிசிச் சாக்கு வெயிலில் ஓராண்டுக்குள் நைந்து துகளாகும், அந்தத் துகள் நாம் பாடுபட்டுச் செய்த மண்ணிலேயே கலக்கும். சாக்கு வைப்பவர் அதை நிழலில் வைக்க வேண்டும், அல்லது நைவதற்கு முன் மாற்ற வேண்டும். ரசாயனம் வந்த பீப்பாய், வண்டி டயர் இரண்டையும் சாப்பிடும் செடிக்குப் பயன்படுத்தாமல் விடுவது நல்லது. சுவருக்கு அடிக்கும் நீர்வழிப் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி எடுத்தால் பல ஆண்டு உழைக்கும்.

தண்ணீர் என்று வரும்போது தடை இன்னும் கடுமையாகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னை குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் செடிக்கு ஊற்றுவதா என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு உண்டு. கோடையில் காய்க்கும் தக்காளிக்கு ஒரு வாளிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வேண்டும். இருபது வாளிக்கு முப்பது லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும் அளவு. நான்கு பேர் வீட்டில் அது 540. அரிசியும் பருப்பும் காயும் கழுவிய தண்ணீரே இந்த முப்பதில் கணிசமான பங்கைத் தரும். ஏ.சி.யிலிருந்து வடியும் நீரில் உப்பு இல்லை, ஊற்றலாம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துத் தள்ளும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தினமும் ஊற்றினால் ஆறே மாதத்தில் மண் மேல் வெள்ளை பூக்கும். மண்ணின் மேல் இரண்டு விரற்கடை சருகு பரப்பினாலே ஆவியாகும் நீர் பெருமளவு குறையும். அதற்கும் மேலே போக விரும்புகிறவருக்குப் பானைப் பாசனம் இருக்கிறது. மெருகு பூசாத சின்ன மண் கலயத்தைக் கழுத்துவரை வாளியில் புதைத்து நீர் நிரப்பினால், மண் காயக் காய அதன் சுவர் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலிலேயே இந்த முறை பதிவாகியிருக்கிறது. கலயத்தின் வாயைக் கொட்டாங்குச்சியால் மூடிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும் என்பதால், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுவதே பொறுப்பு. நீர் மிகுந்து வழிந்தால் அளவு கூடிவிட்டது என்று புரிந்துகொண்டு குறைக்க வேண்டும்.

பூச்சிதான் இயற்கை வழியை நம்பி வந்தவரைக் கைவிடச் செய்யும் இடம். வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொண்டு நிற்கும் மாவுப்பூச்சியைக் கண்டதும் கை மருந்துக் கடையைத் தேடுகிறது. இங்கே தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைத் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2008இல் கோவை வட்டாரத்தில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை. மெழுகுப் பூச்சு அந்தப் பூச்சியைக் காத்தது. அடித்த மருந்து அதைத் தின்னும் பூச்சிகளைக் கொன்றது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டன. அடுத்த ஆண்டுக்குள் பூச்சி அடங்கியது. மாடிக்கும் இதே நியாயம்தான். எதிரியைத் தின்பவை வந்து சேர நாள் பிடிக்கும். அதற்குள் விஷம் அடித்தால் அவை வருவதே இல்லை. அதுவரை நம் கைதான் ஒட்டுண்ணி. அப்பிய கிளையை வெட்டி அகற்றுவது, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைப்பது, மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பின் பாதையை மறிப்பது. நாலு கொத்தமல்லிச் செடியையும் இரண்டு கடுகுச் செடியையும் பறிக்காமல் பூக்கவிட்டால் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும், பொறிவண்டும் வரும்.

மிஞ்சினால் வேம்பு. ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திய கொட்டையின் பருப்பு ஐம்பது கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துப் பிழிந்தால் ஐந்து சதவீதச் சாறு. சிறிது காதி சோப்புக் கரைத்து அன்றே, மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் அதன் வீரியத்தைச் சிதைக்கும். வேம்பின் பூஞ்சை எதிர்ப்புக் குணத்துக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றதும், இந்தியாவில் அது வழிவழி அறிவு என்ற வாதத்தின்பேரில் 2000இல் அது ரத்தானதும், 2005இல் மேல்முறையீடும் தோற்றதும் வரலாறு. இவ்வளவு போராடிக் காத்த ஒன்றை, இலவசமாகத் தெருவில் உதிர்ந்து கிடக்கும்போது குப்பியில் அடைத்த விலைக்கு வாங்குவது வருத்தமான காட்சி.

இயற்கை என்ற பெயரில் சொல்லப்படுவதையெல்லாம் ஆதரிக்க வேண்டியதில்லை. ஜீவாமிர்தம் ஏக்கர் கணக்கில், 200 லிட்டர் நீரில், வீட்டில் மாடு வைத்திருக்கும் உழவருக்காக வகுக்கப்பட்ட கலவை. பத்து வாளி வைத்திருப்பவர் சாணியையும் கோமியத்தையும் விலைக்கு வாங்கி, வெல்லமும் கடலை மாவும் அதில் கரைப்பது சிக்கனமும் அல்ல, தேவையும் அல்ல. நல்ல மக்கிய உரத்திலேயே நுண்ணுயிர் நிறைந்திருக்கிறது. வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரில் செடிக்குப் பயன்படும் சத்து சொற்பம், தோலை வாளியில் மக்கவைத்தால் முழுதும் கிடைக்கும். தக்காளியின் அடி கறுத்து அழுகினால் முட்டை ஓடு போடச் சொல்கிறார்கள். ஓடு கரைய மிக நீண்ட காலம் ஆகும். அந்த அழுகல் பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடிக்கும் நீர்ப்பாய்ச்சலால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. ஒரே சீராக நீர் விட்டால் நிற்கும்.

இத்தனை பாடுபட்டும் குடும்பத்துக்குக் காய் போதுமா என்றால், போதாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி பரிந்துரைக்கிறது. நால்வருக்கு ஆண்டுக்கு 580 கிலோவுக்கு மேல். இருபது வாளி இதன் பக்கத்தில்கூட வராது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மாடியில் போட்டுச் சந்தையை மிச்சப்படுத்துவேன் என்பது கணக்குத் தெரியாத ஆசை. ஆனால் எடைக்கணக்கை மட்டும் பார்ப்பதும் பிசகு. பறித்த அன்றே வாடுவது, கொஞ்சமாகத் தினமும் தேவைப்படுவது, அதிகமாக மருந்தடிக்கப்படுவது ஆகியவற்றை வீட்டில் வைக்க வேண்டும். கறிவேப்பிலையைப் பாருங்கள். பூச்சிமருந்து எச்சத்துக்காக இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கெடுபிடிச் சோதனை வைத்தது. நாம் தினம் தாளிப்பதும் இந்தியக் கறிவேப்பிலைதான். ஒரு பெரிய வாளிக் கறிவேப்பிலை அந்தக் கவலையைத் தீர்க்கும். சிறுகீரை, அரைக்கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளி மாதக்கணக்கில் எடுக்கலாம். பசலையும் பொன்னாங்கண்ணியும் சந்தையில் வாங்கிய கட்டின் தண்டிலிருந்தே முளைக்கும். கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, காய்ந்த மிளகாய் நான்கின் விதையும் அஞ்சறைப் பெட்டியிலோ மளிகை டப்பாவிலோ இருக்கின்றன. அவரை, புடல், பீர்க்கன் கொடிகளைச் சவுக்குக் கழியும் கொடிக்கயிறும் கட்டிய பந்தலில் ஏற்றினால் அடியிலுள்ள வாளிகளுக்கு நிழல்வலைச் செலவு இல்லை. விதையை ஒருமுறை வாங்குவதானாலும் நாட்டு ரகமாக வாங்க வேண்டும். வீரிய ஒட்டு விதையின் பிள்ளை தாயைப் போல இருக்காது; ஒவ்வொரு பட்டத்துக்கும் கடையே கதி. நாட்டு வெண்டையில் நல்ல காய் ஒன்றைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் அந்தச் செலவும் நின்றது.

அரசின் கொள்கையும் இந்தக் கோணத்தில் மாற வேண்டும். 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்களைத் தரத் தொடங்கியது நல்ல முயற்சி. பலரை மாடிக்கு ஏற்றியது அதுதான். பையும் நார்க்கட்டியும் விதையும் உயிர் உரமும் அதில் இருந்தன. துளையிட்ட ஓர் உர வாளியும், அதைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் ஒரு மணி நேரப் பயிற்சியும் அதோடு சேர்ந்தால், பொருளின் ஆயுள் முடிந்தபின்னும் தோட்டம் தொடரும். தமிழக நகராட்சிகளில் நுண் உர மையங்கள் இயங்குகின்றன. அங்கே விளையும் உரத்தை அந்தந்த வார்டு மக்களுக்கே கொடுத்தால், வாளி வைக்க வழியில்லாத அடுக்கக வாசிகளும் வாடகைக்கு இருப்பவர்களும் பயனடைவார்கள். மொட்டைமாடி இல்லாதவருக்கு, நாலைந்து மணி நேர வெயில் படும் சன்னல் விளிம்பு போதும். இரண்டு தெர்மகோல் பெட்டிக் கீரைக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஆடிப் பட்டத்துக்கு விதைக்க நினைப்பவர் சித்திரையிலேயே வாளியில் துளை போட்டுவிட வேண்டும். ஆனியில் ஓர் உரவாளி தயாராகும். அதைச் சலித்து, செம்மண்ணும் அலசிய நார்க்கழிவும் கலந்து, நீர் தெளித்து பத்து நாள் மூடிப் போட்டு, அதன்பின்தான் விதையைக் கையில் எடுக்க வேண்டும். சல்லடையில் தங்கிய கப்பி அடுத்த வாளியின் அடிக்குப் போகும்.